நூற்றுப் பத்துக்கு மேலும் கீழும்

ஏணியின் மூன்றாம் படியில் நான் நின்றிருந்தேன். என் மூக்குக்கு நேரே, விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கியது வெப்பமானி. கீழே என்ஜினீயர் ஜெபராஜ். இடது கையில் கடிகாரம், வலது கையில் பென்சில், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“எம்புட்டுண்ணே?”

“நூத்திப் பதினாறு.”

“இப்ப?”

“பதினெட்டு. ஏறிக்கிட்டே இருக்கு சார்.”

“ஈட்டர் அணைஞ்சு நாலு நிமிஷம் ஆச்சே. இன்னுமா ஏறுது?”

“நான் என்ன செய்ய சார்? பாதரசம் ஏறுது, நான் சொல்லுதேன்.”

அந்த நேரம் பார்த்து நாரணாபுரம் பக்கம் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதித்தார்கள். தினமும் நடப்பதுதான். இருந்தாலும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வாசலில் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்த பூரணத்தக்கா சிரித்தாள்.

“ஏ சம்முகம், வெடி அங்கன வெடிச்சா நீ எதுக்குலே இங்கன செத்துப் பொழைக்கே?”

ஜெபராஜ் சிரிக்கவில்லை. கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. “நூத்தி இருபது தாண்டிருச்சா அண்ணே?” என்றார். தாண்டியிருந்தது.

எனக்கு அப்போது ஒரே சமயத்தில் இரண்டு பயம். இந்த அறை ஒரு நிலைக்கு வராமலே போய்விடுமோ என்பது ஒன்று. வந்துவிடுமோ என்பது இன்னொன்று.

வார்னிஷ் அறை

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனி அது. நயா பைசா புழக்கத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். அச்சடித்த சாமி படங்களுக்கு மேலே வார்னிஷ் பூசி, பளபளப்பு ஏறும்படி காய வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் காலண்டர் சீசன் வருவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மழையும் அப்போதுதான் வந்து தொலையும்.

அதற்காகத்தான் அந்த அறை. நாலு சுவர், மரத்தட்டுகள், தரையோரம் மின்சார ஈட்டர்கள். பாரன்ஹீட் கணக்கில் நூற்றுப் பத்து டிகிரி இருந்தால் வார்னிஷ் சமர்த்தாகக் காயும். நூறுக்குக் கீழே போனால் பிசுபிசுப்பு அடங்காது. அடுக்கி வைத்த ஷீட்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நூற்றிருபதைத் தாண்டினால் படம் மஞ்சளடித்து ஓரம் சுருளும்.

அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வெப்பமானியைப் பார்ப்பேன், சுவிட்சைப் போடுவேன், அணைப்பேன், ஜன்னலை ஒரு விரல்கடை திறப்பேன். ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது. உள்ளே போனால் கற்பூரத்தைலமும் ஈரக் காகிதமும் கலந்த ஒரு வாசனை நெஞ்சில் ஏறும். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது. என் இரண்டு பெண்களும் அதை ‘அப்பா வாசம்’ என்பார்கள்.

கவலைப்பட்டே பழகியவன்

இந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்று முதலாளி நினைத்ததற்குக் காரணம் என் கவலைதான்.

விருதுநகர் மிளகாய்க் கிட்டங்கியில், அதாவது குடோனில், இருந்த நாட்களைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். கிட்டங்கியைப் பூட்டிவிட்டுச் சிவகாசிக்கு பஸ் ஏறுவேன். திருத்தங்கல் வருவதற்குள் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும். இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும். அதை இழுத்துப் பார்த்ததில் நெகிழ்ந்துவிட்டதோ என்று மறுபடி சந்தேகம் வரும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை. முதல் கணக்கையே மூன்று தரம் போட்டுப் பார்த்ததில் மணி அடித்துவிட்டது. பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தவன் மறுநாள் போகவில்லை. வீட்டில் யாரும் வற்புறுத்தவும் இல்லை. கிட்டங்கியில் ஆள் தேவைப்பட்டது.

அதனால் வெப்பமானி எனக்கு வாகாக இருந்தது. சும்மா உட்கார்ந்து கவலைப்படுவதற்குச் சம்பளம். வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு புரட்டாசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ரத்தினசாமி அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர், பக்திமான், ஒரு வார்த்தை பொய் சொல்லமாட்டார். பொய் சொல்கிறவர்களை வேலையில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்.

“ஏலே சம்முகம், மெட்ராஸ்லருந்து ஒரு பெட்டி வருது. அதுவே சூட்டைப் பார்த்து ஈட்டரைப் போட்டு அணைச்சுக்கிடும். என்ஜினீயர் தம்பி ஒருத்தரையும் சேர்த்திருக்கேன். பெட்டி நிலைச்சிட்டா உனக்கு இங்கன வேலை இல்ல. வேற எடம் இருந்தா பார்ப்போம்.”

“இல்லைன்னா அண்ணாச்சி?”

“இல்லைன்னா இல்ல.”

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறு பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

சூடம் ஏற்றக் கூடாத இடம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெட்டியை மாட்டினார்கள். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே போய், கதவுக்கு மேலே ஒரு செம்புக் குமிழில் முடிந்தது. குமிழ் சுண்டுவிரல் பருமன். அதுதான் பெட்டிக்குத் தோல், கண், மூக்கு எல்லாம். குமிழுக்குச் சூடு குறைந்ததாகப் பட்டால் பெட்டி ‘டக்’ என்று ஈட்டரைப் போடும். அதிகமானால் ‘டக்’ என்று அணைக்கும்.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மற்ற இடங்களில் சூடம் காட்டுவார்கள், வத்தி ஏற்றுவார்கள். எங்கள் அறையில் நெருப்பு ஆகாது. வார்னிஷ் ஆவி நிறைந்து கிடக்கும். அதனால் சூடத்துக்கும் வத்திக்கும் சேர்த்து நாங்கள் சந்தனத்தில்தான் பக்தியைக் காட்டுவோம். கொஞ்சம் தாராளமாகவே.

புதுப் பெட்டி என் பிழைப்பைப் பிடுங்க வந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. அது கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அதற்குத்தான் முதலில் பூசினேன். பெட்டிக்கும், குழாய்க்கும், குமிழுக்கும்.

மறுநாள் ஈட்டர் ஓடியதும் குமிழிலிருந்த சந்தனம் காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. வைத்த சந்தனம் உதிர்வதா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலை, லேபிள் ஒட்டுகிற மைதாப் பசையில் ஒரு கரண்டி எடுத்துச் சந்தனத்தோடு குழைத்துப் பூசினேன். கல் மாதிரி பிடித்துக்கொண்டது. மனசுக்கு நிம்மதி. அது முதல் வெள்ளிக்கிழமை தோறும், காலையில் அறையைக் கூட்டியதும், பழையதன் மேல் புதிதாக ஒரு பூச்சு.

ஒற்றை அலை

ஜெபராஜுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். அப்பா இல்லை. அம்மா பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இது அவருக்கு முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் நேரே அறைக்கு வந்துவிடுவார்.

“சார்னு சொல்லாதீகண்ணே, கூச்சமா இருக்கு” என்று எத்தனையோ தரம் சொன்னார். எனக்குத்தான் நாக்கு திரும்பவில்லை.

பெட்டி ஓடிய முதல் நாளே நான் கேட்டேன், “சூடு நூத்திப் பத்துல நிக்குமா சார்?”

“நிக்காதுண்ணே. இது ஆடத்தான் செய்யும்.”

“பெறகு எதுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டி?”

“ஆடுறது தப்பில்ல. எம்புட்டு ஆடும்கிறதுதான் கேள்வி.”

அவர் தரையில் குத்தவைத்து, கரித்துண்டால் ஒரு கோடு இழுத்தார். கோட்டை மதில் மாதிரி மேலே போய், நேரே ஓடி, சட்டென்று கீழே இறங்கும் கோடு.

“பெட்டிக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தைதான். போடு, அணை. கொஞ்சமாப் போடுங்கிற பேச்சே அதுக்குக் கிடையாது. இந்த மாதிரி முரட்டு ஆளை வச்சு ஒழுங்கா கணக்குப் போட முடியாதுண்ணே. எந்தப் புத்தகத்துச் சூத்திரத்துக்கும் அடங்காது.”

“அப்ப?”

“ஒரு குறுக்கு வழி இருக்கு. இந்த மதில் கோட்டுக்குள்ள ஒரு பெரிய அலையும், பொடிப்பொடியா நிறைய அலையும் ஒளிஞ்சிருக்கு. பெருசை மட்டும் வச்சுக்கிட்டு, பொடியை எல்லாம் விட்டுடணும்.”

“விட்டுட்டாத் தப்பா வராதா?”

“வரும். கொஞ்சம் வரும். ஆனா இந்த அறை இருக்கே, இது மந்தம். மெதுவாச் சுடும், மெதுவா ஆறும். பொடி அலையெல்லாம் இதுக்கு உறைக்காது. பெரிய அலை மட்டும்தான் உறைக்கும். அதனால விடலாம்.”

அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. நானாக ‘ஒற்றை அலைக் கணக்கு’ என்று வைத்துக்கொண்டேன்.

கட்டம் போட்ட காகிதத்தில் அவர் இரண்டு கோடுகள் வரைந்து வைத்திருந்தார். ஒன்று அறையின் குணம். சுருண்டு சுருண்டு போகும். இன்னொன்று பெட்டியின் குணம். படுக்கைவாட்டில் நேரே போகும். இரண்டும் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டன. அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.

“இந்தப் புள்ளிதாண்ணே விஷயம். அறை தானா எம்புட்டு ஆடும், ஒரு தரம் ஏறி இறங்க எம்புட்டு நேரம் ஆகும்னு இது சொல்லுது. மேல அஞ்சு, கீழ அஞ்சு. இருபது நிமிஷத்துக்கு ஒரு சுத்து. வார்னிஷுக்கு அது போதும்.”

நான் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று தரம் போட்டுப் பார்த்தும் எனக்குத் தீராத கணக்குகள் நினைவுக்கு வந்தன. பாதியை விட்டுவிட்டு, விட்டுவிட்டேன் என்று தெரிந்தே, ஒரு மனிதர் இத்தனை அமைதியாக இருக்க முடியுமா?

முருகன் முகம்

அமைதி ஒரு வாரம்தான் இருந்தது.

இருபது நிமிஷம் என்று அவர் சொன்ன சுற்று, முதல் வாரமே இருபத்தாறாக வந்தது. ‘அறையை அளந்ததில் பிசகு’ என்று திரும்ப அளந்தார். அடுத்த வாரம் இருபத்தொன்பது. அடுத்தது முப்பத்திரண்டு. ஆட்டமும் கூடிக்கொண்டே போனது. ஒரு சமயம் தொண்ணூற்றேழு, இன்னொரு சமயம் நூற்று இருபத்து மூன்று.

மழையும் நாளுக்கு நாள் வலுத்தது. சுவர் வியர்த்தது. ஜெபராஜ் மழையைச் சந்தேகப்பட்டார். “ஈரத்துக்குத் தக்க அறையோட குணம் மாறுதோ என்னவோ” என்று புதுக் கோடு போட்டார். அதுவும் பொருந்தவில்லை.

ஷீட்கள் ஒட்டத் தொடங்கின. பூரணத்தக்கா ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினாள். மேல் ஷீட்டை உரித்ததும் முருகன் முகம் பிய்ந்து, மேலிருந்த ஷீட்டின் முதுகில் இடம் வலம் மாறிப் பதிந்து வந்தது.

“இந்தப் பாவத்த எங்க கொண்டு போய்க் கொட்ட, சார்வாள்?” என்றாள். “எங்க சம்முகம் கையால போட்டு அணைச்சப்ப ஒரு நாளும் இப்படி ஒட்டினதில்ல.”

அது முழு உண்மை இல்லை. ஒட்டியிருக்கிறது. ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. “கார்த்திகை கடைசி வரைக்கும் பார்ப்போம் தம்பி. அதுக்குள்ள நிலைச்சா பெட்டி இருக்கும். இல்லைன்னா பெட்டியையும் அனுப்பிருவோம், உங்களையும் அனுப்பிருவோம். சம்முகம் பழையபடி பார்த்துக்கிடுவான்.”

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தே, “வேலை நிலைக்கும் போலிருக்கே” என்றாள். ஆமாம் என்றேன். அவள் ரசத்துக்குக் கூடவே ஒரு அப்பளம் பொரித்தாள். எனக்கு அப்பளம் தொண்டையில் குத்தியது.

ஏனென்றால் ஜெபராஜ் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தார். ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார், “விட்டுட்டேன்ல அண்ணே, பொடி அலை, அதெல்லாம் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டுப் பழி வாங்குதோன்னு தோணுது. தோராயக் கணக்குதான், தப்பும். ஆனா இருபது முப்பத்தஞ்சாவாத் தப்பும்? நான்தான் படிச்சது சரியில்லையோ?”

படிக்கட்டு

நேரம் குறித்து எழுதுவது என் பொறுப்பு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் டிகிரி. ‘டக்’ சத்தம் கேட்ட நேரம். எழுத்து கோணல், எண்கள் சுத்தமாக இருக்கும். ஜெபராஜ் அதை வைத்து, ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தை நாளுக்கு ஒரு புள்ளியாகக் குத்தி, ஐந்தாறு வாரத்துக்கும் சேர்த்து ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அவர் கடைக்குப் போயிருந்த ஒரு நேரம், சும்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். புள்ளிகள் சரிவாக ஏறவில்லை. மழை மெல்ல மெல்லத்தானே கூடும்? இது படிக்கட்டு மாதிரி ஏறியது. ஆறு நாள் சமமாகப் போகும். பிறகு ஒரு படி. மறுபடி சமம். மறுபடி ஒரு படி.

படி விழுந்த இடத்துக்கெல்லாம் கீழே கிழமை பார்த்தேன். எல்லாம் வெள்ளி.

வெள்ளிக்கிழமை அறைக்குள் என்ன நடக்கிறது? கூட்டுகிறோம். தட்டைத் துடைக்கிறோம். அதெல்லாம் செவ்வாயும் உண்டு.

அண்ணாந்து பார்த்தேன். கதவுக்கு மேலே சுண்டுவிரல் பருமனாக இருந்த குமிழ், கட்டைவிரலைவிடப் பருத்து, மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

கிட்டங்கிப் பூட்டு மாதிரி இதுவும் என் சந்தேகமாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அந்த வார வெள்ளிக்கிழமை நான் பூசவில்லை. அந்த வருஷத்திலேயே பெரிய மழை அந்த வாரம்தான் கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆனால் காகிதத்தில் புள்ளி ஒரு நூல்கூட ஏறவில்லை.

சந்தேகம் போய்விட்டது. என் வாழ்க்கையில் சந்தேகம் போனதற்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்னும் பத்து நாளில் பெட்டி மெட்ராஸுக்கும், ஜெபராஜ் பாளையங்கோட்டைக்கும் போய்விடுவார்கள். நான் என் முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

மூன்று நாள் அப்படியே இருந்தேன். நாலாம் நாள் காலை ஜெபராஜ் தன் அளவுகோல்களை டிரங்குப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தேன். காகிதத்தை மடிக்காமல், கிழித்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்தார்.

“அதைக் கிழிக்காதீக சார்” என்றேன்.

யார் துடைப்பது

சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

அவர் அண்ணாந்து குமிழைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மறுபடி குமிழை.

“தினம் பார்த்தேண்ணே இதை. தினம் பார்த்தேன்.” தலையில் கை வைத்துக்கொண்டார். “சாமி காரியம், நாம எதுக்குத் தொடணும்னு கண்ணைத் திருப்பிக்கிட்டேன். என் கண்ணுக்கு அது மெஷின்ல சேர்த்தியே இல்லாமப் போச்சு.”

“அது அம்புட்டு பெரிய விஷயமா சார்?”

“போர்வை போத்தி விட்டிருக்கீக. அறை சுட்டது குமிழுக்குத் தெரியறதுக்குள்ள, அறை எங்கயோ போயிருது. ஆறினதும் அப்படியே. ஒவ்வொரு பூச்சுக்கும் அது தெரிஞ்சுக்கிடற நேரம் தள்ளித் தள்ளிப் போகுது.” சொல்லிக்கொண்டே கூடையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். “கோடு அப்ப நகரும். அறையோட கோடு நகர்ந்தா வெட்டுற இடமும் நகரும். நகரத்தானே செய்யும்!”

சரி, துடைக்க வேண்டும். யார் துடைப்பது?

“நீங்க துடைங்கண்ணே” என்றார் ஜெபராஜ். “நான் வேதக்காரன், கிறிஸ்தவன். நான் துடைச்சேன்னு வெளிய தெரிஞ்சா நல்லா இருக்காது.”

“ஐயோ, நானா? வச்ச சந்தனத்த நானே வழிச்சா என் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? ரெண்டு பொம்பளப் பிள்ள வச்சிருக்கேன் சார்.”

“அப்ப அண்ணாச்சியைக் கேட்போமா?”

“அதுக்கு என்னையக் கொன்னே போட்டிருங்க.”

இப்படியே இருவரும் கதவுக்குக் கீழே நின்று வழக்காடிக்கொண்டிருந்தோம். பூரணத்தக்கா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஒரு துணியை வெந்நீரில் முக்கி, ஏணியை இழுத்துப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“அக்கா, சாமி சந்தனம்க்கா!”

“சாமி சந்தனம்னா சாமி மேல பூசு. இது மைதா மாவுலே. எங்க வீட்டு இட்லிச் சட்டியில இதைவிடக் கம்மியா ஒட்டியிருக்கும்.”

ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செம்பு மினுங்கியது. இறங்கியதும் நெற்றியிலிருந்த குங்குமத்தில் கொஞ்சம் கிள்ளி, இரும்புப் பெட்டியின் மூடியில் ஒற்றைப் பொட்டாக வைத்தாள். “இங்கன வச்சா ஆகுமா சார்வாள்?” ஆகும் என்றார் ஜெபராஜ்.

பிறகு ஈட்டரைப் போட்டோம். நான் ஏணியில், அவர் கடிகாரத்தில். ஏறியது. நூற்றுப் பதினாறு தொடும் முன்னே திரும்பியது. இறங்கியது. நூற்று நாலில் நின்று, மேலே வந்தது. மூன்று சுற்று பார்த்தோம். ஒவ்வொன்றும் இருபத்தொன்றரை நிமிஷம்.

“இருபது சொன்னேன். இருபத்தொன்றரை” என்றார் ஜெபராஜ். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “தோராயம்னா இதுதாண்ணே. இதுக்கு மேல அது தப்பாது.”

டீ

முதலாளி சொன்ன நாளில் வந்தார். புது ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார். திருப்தி.

“பெட்டி இருக்கட்டும்” என்றார். “ஆனா தம்பி, ரெண்டு மாசம் ஏன் இந்த ஆட்டம் ஆடுச்சு? அம்புட்டு ஷீட்டு வீணாப் போயிருக்கே.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். பெட்டியைக் கெடுத்தவன் நான் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே வெளியே. வேறு இடம் பார்ப்போம் என்ற பேச்சே இருக்காது.

ஜெபராஜ் என்னைப் பார்க்கவில்லை.

“என் கணக்குல பிசகிட்டேன் அண்ணாச்சி. இப்ப சரி பண்ணியாச்சு.”

“என்ன பிசகு?”

“தோராயமாப் போட்டது. மழை ஈரத்தைச் சேர்க்காம விட்டுட்டேன்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தோராயமாப் போட்டு என் சரக்குல பாடம் படிச்சிருக்கீக.”

பூரணத்தக்கா தட்டுகளுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன்.

“அண்ணாச்சி, டீ சொல்லட்டுமா?” என்றேன்.

“சொல்லு” என்றார் அவர். “நாளையிலருந்து நீ பேப்பர் கிட்டங்கிக்குப் போயிரு. அங்கன ஆள் வேணும்.”

வேலை தப்பியது. டீக்கடைக்குப் போகிற வழியில் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தேன்.

நாலாவது வரி

அதற்குப் பிறகு கம்பெனியில் ஜெபராஜுக்குப் பெயர் ‘தோராயம் சார்’. ஆபீஸில் சொல்வார்கள், பைண்டிங்கில் சொல்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். பூரணத்தக்கா மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னோடு அவள் பேசுவதும் குறைந்துபோனது.

பங்குனியில் அவர் வேறு ஊரில் ஒரு பெரிய மில்லுக்கு மனுப் போட்டார். இங்கே வேலை பார்த்ததற்கு முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்டார். கடிதத்தை முதலாளி தமிழில் சொல்ல, கிளார்க் இங்கிலீஷில் எழுதிக்கொள்வது வழக்கம். பேப்பர் லோடு வந்த விவரம் சொல்ல நான் அந்த நேரம் ஆபீஸுக்குள் போனேன்.

“நேர்மையானவர். போட்டாச்சா? நல்ல உழைப்பாளி. காலம் தவறாதவர்.” முதலாளி கண்ணை மூடி யோசித்தார். “பொய் எழுதக் கூடாதுல்லா... கணக்கு மட்டும் சில நேரம் தப்பும், மேல ஒருத்தர் பார்த்துக்கிட்டா நல்லதுன்னு போட்டிருங்க.”

கிளார்க்கின் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

முதலாளி திரும்பினார். “என்னலே நிக்கே? என்ன விஷயம்?”

பெரியவளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத்தான் நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

“பேப்பர் லோடு வந்திருக்கு அண்ணாச்சி.”

கடிதத்தை ஜெபராஜ் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் படித்தார். நான்தான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்திருந்தேன். படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலாவது வரியில் கண் நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அறை எப்படிண்ணே ஆடுது?” என்றார்.

கிட்டங்கிக்குப் போன பிறகும் நான் போகும்போது வரும்போது அந்தச் சுவரோரம் நின்று ‘டக்’ சத்தத்தை எண்ணுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“இருபத்தொன்றரைதான் சார்.”

“நல்லது” என்று ஏறிப் போனார்.

அந்த மில் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வேறு எங்கே போனார், என்ன ஆனார் என்பது தெரியாது. முதலாளி காலமாகிவிட்டார். பூரணத்தக்காவும் இல்லை. இதை மறுக்கவோ ஆமோதிக்கவோ இன்று யாரும் இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன் என்று யாராவது சொன்னால், அதுவும் சரிதான்.

அந்தக் கடிதத்தின் நாலாவது வரி பொய். அறை ஆடியது என் சந்தனத்தால். ஜெபராஜின் கணக்கில் தப்பு இருந்தது ஒன்றரை நிமிஷம்தான். அதையும் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.